கொப்பரையில் போட்ட புளி

எண்ணெய் பொங்கினால் புளி போடு என்று என்னை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது கையோடு வந்தது. அதிரசம் சுடும்போது எண்ணெய் நுரைத்துக்கொண்டு வாணலி விளிம்புக்கு ஏறும். பேசுகிற பேச்சை நிறுத்தாமல் ஒருத்தி புளிப் பானைக்குள் கை விட்டுக் கிள்ளிப் போடுவாள். நுரை அடங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவு விஷயத்தை வைத்துத்தான் நான் ஒரு மனுஷருடைய நல்ல பேரை நாசமாக்கினேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நயா பைசா வருவதற்கு முந்தின வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கிழக்கே, கூட்ஸ் வண்டி நிற்கிற பக்கமாக ஒரு தகர ஷெட் இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் எந்தக் கம்பெனி எங்கே முடிகிறது என்று தெரியாது. அன்றைக்குச் சவுக்குத் தோப்பு, அதை விட்டால் அந்த ஷெட். ஏரி மதகுகளுக்கான இரும்புக் கதவுகளும், கதவை ஏற்றி இறக்குகிற திருகுக் கம்பிகளும் அங்கே வந்து இறங்கும். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்து, தை பிறந்ததும் திருவள்ளூர், பள்ளிப்பட்டு பக்கத்து ஏரிகளுக்குப் போகும். ஒவ்வொரு கம்பியும் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நல்ல எஃகு, பாதி வரைக்கும் மரை வெட்டியிருக்கும். மரையில் துரு ஏறினால் கம்பி சுற்றாது, கதவு ஏறாது, ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் வயல் காயும்.

துரு ஏறாமல் இருக்கத்தான் எங்களை வைத்திருந்தார்கள். பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி வருகிற காற்று உப்புக் காற்று. நேற்றுச் சாணை பிடித்த அரிவாள் இன்று காலையில் சிவந்திருக்கும். சீமையிலிருந்து வருகிற கிரீஸ் அப்போது சுலபமாகக் கிடைக்காது. அதனால் ஷெட்டிலேயே ஆமணக்கெண்ணெயைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சி, குங்கிலியத்தைப் பொடித்துக் கரைத்து, நீர்த்த சுண்ணாம்பு கொஞ்சம், தேன்மெழுகு கொஞ்சம் சேர்த்து, களி பதத்துக்கு ஒன்று இறக்குவார்கள். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. கம்பி மருந்து என்போம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கம்பியில் பூசி, தார்க் காகிதம் சுற்றி, அதன் மேல் கோணி தைத்து அடுக்கிவிட்டால் அடுத்த வருஷம் பிரித்தாலும் கம்பி புதுசாக இருக்கும்.

காய்ச்சுகிறவர் எங்கள் வீட்டுக்காரர். அதற்கு முன்னால் அவர் பொன்னேரிக்கு மேற்கே இருக்கிற ஆரணியில் மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற வண்டி மை காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் அடுத்தவன் கழனியில் குனிந்து நிமிர்ந்தே காலத்தை ஓட்டினவர்கள். ஷெட்டுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தவர் பழவேற்காட்டு பாய் ஒருவர். ஆரணி செக்குகளில் எண்ணெய் எடுத்து, டின்னில் அடைத்து, மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். எண்ணெயின் பதம் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று மேனேஜர் கேட்டபோது எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொன்னவர் அந்த பாய்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, அவராகச் சொன்னார். கழனிச் சேற்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முதலில் கால் எடுத்தது அந்த ஒரு வார்த்தையால்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நானும் அங்கேதான் வேலை செய்தேன். என்னையும் சேர்த்துப் பெண்கள் ஏழு பேர் கம்பியைத் துடைத்து மருந்து பூசுவோம். வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வெறும் கையால் யாரும் கம்பியைத் தொடக்கூடாது. வேர்வையில் உப்பு இருக்கிறது, விரல் பட்ட இடத்தில் மருந்துக்கு அடியிலேயே துரு பிடிக்கும் என்பார். ஆகவே கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் போலீஸ்காரி நான். எவளாவது துணியை அவிழ்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்தாள் என்றால் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவேன். அந்த ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஸ்டேஷன் மாஸ்டரே என்னிடம் வாயைக் கொடுக்க மாட்டார்.

ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கிப் போடும். கோரைப் பாயைச் சுருட்டிக்கொண்டு நடுங்குவார். அப்போது அவர் தினக்கூலிதான். வரும் தையில் பர்மனெண்ட் ஆக்குகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மூன்று வாரம் படுத்தால் வேறு ஒருத்தன் கொப்பரை முன்னால் நிற்பான், தையும் போகும், பர்மனெண்டும் போகும். நான் மேனேஜரிடம் போய், எனக்குக் காய்ச்சத் தெரியும், அவர் எழுந்து வருகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தெரியும் என்பது பாதிப் பொய். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், துடுப்புப் போட்டுக் கிண்டியிருக்கிறேன். எதற்குப் பிறகு எது என்று மனப்பாடம். ஆனால் பதம் என்பது அவருடைய மூக்கில் இருந்தது, அது எனக்கு வராது. மேனேஜருக்கும் வேறு வழியில்லை. சரி என்றார்.

மூன்றாம் நாள் அடைமழை. தகரத்தில் ஓட்டை, சுண்ணாம்பு ஈரம் ஏறிக் கிடந்தது. அதைப் போட்டதும் கொப்பரை பொங்கியது பாருங்கள், என் ஆயுசுக்கும் மறக்காது. நுரை ஒரு முழம் எழும்பி விளிம்பைத் தொட்டுவிட்டது. கீழே சவுக்குக் கட்டை திகுதிகுவென்று எரிகிறது. ஒரு சொட்டு வழிந்தால் ஷெட்டே போய்விடும். வீட்டுக்காரராக இருந்தால் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அரை மணி நேரம் பொறுமையாகத் துடுப்பைப் போடுவார். எனக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் கிடையாது. அன்று காலையில்தான் எளாவூரிலிருந்து என் அம்மா புளி கொடுத்தனுப்பியிருந்தாள். கல்லுப்பு போட்டு இடித்து, பானையில் அடைத்து வைத்த பழம்புளி. சாப்பாட்டுக் கூடையிலேயே இருந்தது. யோசிக்கவில்லை. தேங்காய் அளவுக்குப் பிய்த்து உருட்டிக் கொப்பரையில் போட்டேன்.

நுரை அடங்கியது. பெண்கள் ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்பாடா என்று ஒருத்தி உட்கார்ந்தே விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உப்பு என்பது எனக்குத் தெரியாதா? வேர்வை உப்புக்கே ஊரைக் கூட்டினவள் நான். ஆனால் அன்றைக்கு அது என் கண்ணுக்கு உப்பாகவே படவில்லை. புளியாகத்தான் பட்டது. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பொன்னாகப் பளபளக்கிறது, இரும்புக்கும் நல்லதுதானே செய்யும் என்றுதான் தோன்றியது. அடுத்த நாள் பொங்கும் வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை. சுண்ணாம்பு போடும்போதே புளியையும் போட்டேன். அதற்கு அடுத்த நாளும் போட்டேன். மூன்று வாரமும் போட்டேன். மேனேஜர் ஒரு நாள் வந்து மருந்தை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, புருஷனை விட நீ நன்றாகக் காய்ச்சுகிறாயே என்றார். அதை வீட்டில் போய்ச் சொன்னேன். புளி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது என் கைவித்தை, எதற்குச் சொல்ல வேண்டும் என்ற திமிர். சொல்லியிருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

கார்த்திகையில் அவர் எழுந்து வேலைக்குப் போனார். நான் பழையபடி கம்பி துடைக்கப் போனேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மேனேஜர் வந்து கோணியைப் பிரிக்கச் சொன்னார். புரட்டாசியில் பூசின கட்டுகள் அப்படியே கண்ணாடி. ஐப்பசிக் கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். மருந்து மேலே பழுப்பாக, வழவழப்பாக, நன்றாகத்தான் இருந்தது. துணியால் துடைத்ததும் அடியில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. அம்மைத் தழும்பு மாதிரி. மரைக்குள் மரைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றைப் பிரித்தார்கள், அதுவும் அப்படித்தான். ஐப்பசிக் கட்டு அத்தனையும் அப்படித்தான். கார்த்திகைக் கட்டு பரவாயில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் என்று யாரும் எனக்கு எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் என்ன மாறியது என்று மேனேஜர் கேட்டார். காய்ச்சின ஆள்தான் மாறியது என்று அவருக்கே தெரியும். ஆனால் என்னை நிற்க வைத்தது அவர்தானே? அது வெளியே வந்தால் மெட்ராஸிலிருக்கிற முதலாளி அவரைத்தான் கேட்பார். அதனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எண்ணெ மாறிச்சி சார். ஐப்பசியில புது லோடு வந்துச்சி."

அது உண்மை. பாயின் வண்டி ஐப்பசி முதல் வாரத்தில்தான் புது டின்களை இறக்கியது. மேனேஜர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். பழவேற்காட்டுக்காரன், படகில் கொண்டுவந்திருப்பான், உப்புத்தண்ணீர் கலந்துவிட்டது, அல்லது கலந்துவிட்டான் என்றார். பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து நின்று, நான் படகிலே கொண்டுவரவில்லை சார், ஆரணியிலிருந்து தரைவழியாக வண்டியில்தான் வருகிறது, எல்லோருக்கும் தெரியுமே என்றார். எல்லோருக்கும் தெரியும்தான். வண்டியிலிருந்து டின்னை இறக்கினவர்களே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாய் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கொப்பரைக்கு விறகு தள்ளப் போய்விட்டார். இனிமேல் உன் எண்ணெய் இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்று மேனேஜர் சொன்னார். பாய் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு வெளியே போனார். நான் என் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக நின்றேன். என் வாய் அன்றைக்கு எங்கே போயிற்று?

அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூட இல்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன். எண்ணெயில் ஒன்றுமில்லை, நான்தான் புளி போட்டேன், அதில் உப்பு இருந்தது, நாளைக்கே போய் மேனேஜரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கத்துவார், கை நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்," என்றார். "கார்த்திகையிலயே தெரியும். மருந்து வடிகட்டுற சாக்குல புளியங்கொட்ட கெடந்துச்சி, நாரு கெடந்துச்சி. நான் இன்னா குருடனா?"

நான் அவர் எதிரே போய் நின்றேன். "தெரிஞ்சிக்கினேதான் பாயி மேல போட்டியாய்யா?"

"நான் எங்க பாயி மேல போட்டேன்? எண்ணெ மாறிச்சின்னேன். மாறிச்சி இல்ல?"

அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்து மண்ணாகிவிட்டார், இன்னும் மன்னிக்கவில்லை. திருடினவன் கூட அகப்பட்டால் திருடினேன் என்கிறான். வார்த்தையை இப்படி அளந்து வைத்துப் பேசுகிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்டேன். கார்த்திகையிலேயே சொல்லியிருந்தால் கட்டைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூசியிருக்கலாமே, கம்பியாவது மிஞ்சியிருக்குமே என்று கேட்டேன். மறுபடி பூச வேண்டுமென்றால் எதற்கு என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்றார். ஒன்றும் ஆகாமல் போனாலும் போகலாம் என்று பார்த்தாராம். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாயிக்குக் கட கீது, ஜனம் கீது. நமக்கு இன்னா கீது? இந்த வேல போச்சின்னா மறுபடியும் ஆண்ட ஊட்டுக் கொல்லையில கூழுக்கு நிக்கணும். நிக்கிறியா? நிக்கிறேன்னு சொல்லு, நானே இட்டுக்கினு போறேன் மேனேஜர்கிட்ட."

பண்ணை ஆண்டை வீட்டுக் கொல்லையில் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் பின்னால் சட்டியோடு நின்றிருக்கிறேன். உள்ளேயிருந்து எப்போது ஊற்றுவார்களோ அப்போது வரைக்கும் நிற்க வேண்டும், மாடு கூட நம்மைத் தாண்டித்தான் போகும். அடுத்த நாள் நான் மேனேஜரிடம் போகவில்லை. அதற்கு அப்புறம் பத்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அருள் நிறைந்த மந்திரம் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்ததும் மனசு லேசாக இருந்தது. அந்த லேசு எனக்கே பிடிக்கவில்லை. என்னடி இது, பழி சுமந்துகொண்டிருப்பவர் ஒருத்தர், மன்னிப்பு வாங்கினவள் இன்னொருத்தியா என்று தோன்றியது. இதற்குள் சேதி பரவிவிட்டது. பொன்னேரிக் கடைகளில் பாயின் எண்ணெயைக் கலப்படம் என்று திருப்பி அனுப்புகிறார்களாம். ஆரணி செக்குக்காரர் ஒருவர், உன்னால் எங்கள் பேரும் கெடுகிறது என்று அவருக்கு எண்ணெய் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். ஷெட்டில் பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். புளி போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் ஆறு பேரும். அவர்கள் புத்திக்கும் அது எட்டவில்லை. எண்ணெயில் புளி போடுவது ஒரு தப்பு என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

மாசி பிறந்ததும் ஒரு நாள், இறால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொன்னேரிக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனேன். பாய் வீட்டு முன்னறையில் காலி டின்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவர் கைலியும் பனியனுமாகக் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே புதுசு. எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா என்றுதான் முதலில் கேட்டார். பாய் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புளி, உப்பு, மூன்று வாரம், சாக்கில் கிடந்த கொட்டை, எங்கள் வீட்டுக்காரர் தெரிந்தே சொன்னது, இறால் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது, ஒன்றையும் ஒளிக்கவில்லை. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழுதேன்.

பாய் கடைசி வரைக்கும் குறுக்கே பேசவில்லை. திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் எண்ணெ இன்னான்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "ஒவ்வொரு டின்னையும் நாக்குல வெச்சிப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏத்துறேன். இத்த எனக்கு எதுக்குச் சொல்லிக்கினு கீறே? தெரியாதவன் அங்க ஒக்காந்துக்கினு கீறான். அவன்கிட்ட சொல்லு."

எனக்கு ஆர்டர் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை, நஷ்டத்தையும் கேட்கவில்லை, எண்ணெயில் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை அந்த மேனேஜர் வாயிலிருந்து வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்றார். சொல்கிறேன் பாய், மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். சத்தியமெல்லாம் வேண்டாம் தங்கச்சி, போய்ச் சொல் என்றார். நான் கிளம்பும்போது, இறால் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தாயே, வெறுங்கையோடு போனால் கேட்பானே என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் இறால் கொண்டுவரச் சொல்லிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டேன், பாருங்கள்.

முதலாளியைப் பார்க்கப் போயிருந்த மேனேஜர் மெட்ராஸிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. தையில் வராமல் தள்ளிப்போன பர்மனெண்ட் காகிதத்தை அன்றைக்குத்தான் கொடுப்பதாகவும் பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தபடி, என்ன சொல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சார், ஐப்பசியில் மருந்து காய்ச்சினது நான். எண்ணெய் நல்ல எண்ணெய். நான்தான் உப்புப் புளி போட்டேன். மூன்று வாக்கியம். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், மேடையேறி ஒப்பித்தவள், மூன்று வாக்கியம் வராதா எனக்கு? அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று அதைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டேன். அவர் காலையிலேயே கையோடு சாப்பாடு கொண்டுபோயிருந்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஷெட்டு வாசலில் மேசை போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காகிதங்கள், மேலே காற்றுக்குப் பறக்காமல் ஒரு மரைக் கம்பித் துண்டு. உள்ளே கொப்பரை முன்னால் எங்கள் வீட்டுக்காரர். நான் வெயிலில் வந்து நிற்பதை அவர் பார்த்துவிட்டார். துடுப்பு நின்றுவிட்டது. கீழே நெருப்பு எரிகிறது, மேலே துடுப்பு நிற்கிறது. மருந்து அடிப்பிடிக்கும் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. காய்ச்சலில் கூட அப்படி இல்லை. இவள் வாயைத் திறந்தால் நாம் போனோம் என்று நினைக்கிற முகம். என்னிடம் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் நிமிர்ந்தார். "என்னம்மா, லீவு போட்டுட்டு இங்க நிக்கிறே? ஏதாவது சொல்லணுமா?"

அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன வாய்ப்பைக் கேட்க முடியும்? வாயில் கொழுக்கட்டை இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளவும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், பயத்தில் நாக்கு எழவில்லை என்று. எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாக்கியமும் வரிசையாக, தெளிவாக, வாய்க்குள் நின்றுகொண்டிருந்தன. கொல்லையில் சட்டியோடு நின்றதையும் நினைத்தேன், பாயின் காலி டின்களையும் நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் சொன்னேன்.

"ஒன்னும் இல்லீங்க சார். அவருக்குச் சோறு கொண்டாந்தேன்."

கொடுத்துவிட்டுப் போ என்றார். பேனாவை எடுத்து முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பாயைப் பற்றி அந்த ஷெட்டில் அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சவுக்கு நிழலில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். காலையில் கொண்டுபோன சோற்றை ஏற்கெனவே தின்றிருந்தவர், நான் கொண்டுபோனதையும் ஒரு பருக்கை விடாமல் தின்றார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்ததும் பாத்திரத்தை எடுக்க நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. எழுந்து குழாயடிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக் கூட அலம்பி வைத்தறியாத மனுஷர், ஷெட்டு ஆட்கள் எல்லோரும் பார்க்க, குந்தி உட்கார்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசி, தூக்குப் பாத்திரத்தைத் தன் சட்டையால் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் எதைச் சொல்ல வந்தேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.